மயில்கழுத்துக் கத்தரி

எஃகின் மனசை அறிந்தவர்கள் இந்தப் பூமியில் இதுவரை மூன்று பேர்தான் பிறந்திருக்கிறார்கள். முதலாமவர் பெயர் யாருக்கும் தெரியாது. இரும்பைக் கண்டுபிடித்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாமவர் எந்த ஊர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாமவர் முசரவாக்கத்தில் பிறந்து செவிலிமேட்டில் இருக்கும் ஆதிகேசவன். இந்தத் தகவலை உலகத்துக்குச் சொன்னவரும் ஆதிகேசவன்தான். சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் அவருடைய லுங்கியின் ஓரத்தில் நெருப்புப் பிடித்திருந்தது. மனைவி பொன்னி அதைக் காலால் மிதித்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

“பேசறத அப்புறம் பேசிக்கலாம், காலத் தூக்குங்க” என்றாள்.

ஆதிகேசவனின் பட்டறை பாலாற்றுக்குப் போகிற சாலையில், புது வீடுகளுக்கும் டவுன் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருந்தது. ‘ஆதி ஹீட் ட்ரீட்மென்ட்’ என்று பலகை. உள்ளே ஒரு மின்சார உலை, ஒரு கரி உலை, மணல் பரப்பிய இரும்புத் தட்டு ஒன்று, எண்ணெய் நிரப்பிய பீப்பாய் ஒன்று. பழுக்கக் காய்ச்சிய எஃகை முக்குவதற்கு அவர் மட்டுமே அறிந்த ரகசிய எண்ணெய் அது என்று சொல்வார். பேருந்து நிறுத்தத்துப் பஜ்ஜிக் கடையில் பொரித்து மிஞ்சியதுதான் அது என்பது அந்தத் தெருவுக்கே மூக்கால் தெரியும். அவர் ஓர் உளியை முக்கினால் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழைக்காய் பஜ்ஜி ஞாபகம் வந்தது.

கல் சிற்பிகளின் உளி, கார் பட்டறைகளின் ஸ்பானர், தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை போடுகிற துளைப்பான் எல்லாம் அவரிடம் வரும். இளகலாக வருவது கெட்டியாகித் திரும்பும். கெட்டித்துப் போய் நொறுங்குவது கொஞ்சம் இளகித் திரும்பும். வந்தபோதும் போகும்போதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதுதான் ஆதிகேசவனின் இருபத்திரண்டு வருஷத்துச் சங்கடம். புடவை நெய்தால் கல்யாணப் பெண் கட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடக்கிறாள். கோபுரத்துக்கு வண்ணம் அடித்தால் அடுத்த ஊரிலிருந்து தெரிகிறது. எஃகுக்குப் போட்ட பதம் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. உளி நன்றாக வெட்டினால் சிற்பியைப் புகழ்கிறார்கள். உளி மூக்கு உடைந்தால் நேராக ஆதிகேசவனிடம் வருகிறார்கள்.

ஒரே ஒரு தடவை, மைக்கில், நாலு பேர் நடுவில், தன் பெயரை யாராவது சொல்ல வேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. வரதராஜப் பெருமாளிடம் கேட்டிருக்கிறார். அங்கே ஏற்கெனவே கூட்டம்.

பதம் போடும் நேரம் மட்டும் அவர் வேறு ஆள். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த எஃகு திமிர் பிடித்த மாப்பிள்ளை மாதிரி; கெட்டியாக இருக்கும், ஆனால் ஒரு தட்டு தட்டினால் உடைந்துபோகும். அதைப் பளபளவென்று தேய்த்துச் சுடுமணலில் கிடத்தினால், வெயில் ஏறுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிறங்கள் அதன் மேல் நடந்து வரும். மற்ற ஊர்க்காரர்கள் அதற்கு டிகிரி பார்ப்பார்கள். ஆதிகேசவனிடமும் டிகிரி பார்க்கிற மீட்டர் ஒன்று இருந்தது. அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார். காஞ்சிபுரத்தில் நிறத்துக்குப் பெயர் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. முதலில் சந்தனம். பிறகு மாம்பழ மஞ்சள். காப்பிக்கொட்டை. வாடாமல்லி. கத்தரிப்பூ. மயில்கழுத்து. ஆனந்தா நீலம். கடைசியாகச் சாம்பல்.

வெட்டுகிற கருவியை மாம்பழத்தில் எடுத்துவிட வேண்டும். உறுதி நிற்கும், திமிர் மட்டும் போகும். மயில்கழுத்து வரை விட்டால் ஸ்பிரிங்குக்கு ஆகும், கூர்முனைக்கு ஆகாது. சாம்பலைத் தொட்டுவிட்டதென்றால், பட்ட பாடெல்லாம் மறந்து அந்த எஃகு வெறும் இரும்பாக உட்கார்ந்துவிடும்.

அந்த நிறங்களைப் பார்க்கும்போது ஆதிகேசவனுக்குக் கண் திறந்திருக்கும். ஆள் உள்ளே இருக்க மாட்டார். தறிக்குப் போகும் ஒரு மெல்லிய பாவுநூல் தெருநீளத்துக்கு விரிந்து காற்றில் அசைவதுபோலவும், அதன் நடுவே தான் மிதந்து போவதுபோலவும் இருக்கும். “மறுபடி கெளம்பிட்டாரு” என்பாள் பொன்னி.

ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல் வரதராஜன் காரில் வந்து இறங்கினார். சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு மாடிப் பட்டுக்கடை வைத்திருப்பவர். இப்போது மூன்றாவது மாடி கட்டி முடித்திருந்தார். அவரோடு சபாபதியும் வந்தார். சபாபதி அந்தக் கடைக்கு நெய்கிறவர். பேசுவதற்கு முன் எந்தத் துணியையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார், கட்டியிருப்பவர் யாராக இருந்தாலும்.

“ஆதி, போன வருஷம் இன்னா ஆச்சுன்னு தெரியுமில்ல?” என்றார் வரதராஜன்.

“வீடியோ பாத்தேன் சார்.”

“எல்லாரும்தான் பாத்தாங்க. பதினோரு தபா வெட்னாரு மனுஷன். ரிப்பன் சிரிச்சிக்கினு நிக்குது.”

போன வருஷம் வேறொரு கடைத் திறப்பு விழாவில் முசரவாக்கத்துக்காரரும் கட்சியின் ஒன்றியச் செயலாளருமான இளவரசன் ரிப்பன் வெட்ட முயன்ற காட்சி அது. யாரோ அதற்கு நாதஸ்வரம் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் இளவரசனின் சொந்தக் கட்சிக்காரர்களே பாதிப் பேர் என்று பேச்சு.

“அவருதான் நமக்கும் வராரு. ஆனா கண்டிஷன் போட்டுட்டாரு. ‘கத்தரிக்கு யார் கேரண்டி, ஆளக் காட்டு’ங்கிறாரு. உன் பேரச் சொல்லிட்டேன். ‘எங்க ஊர்ப் பையன், கூடப் படிச்சவன்’னு ஒடனே ஒத்துக்கினாரு.”

“என் பேரையா?”

“மேடையில சேரு. பொன்னாடை. ஒரு பட்டமும் குடுத்துர்லாம். ‘எஃகுச் செம்மல்’னு வெச்சிக்கலாமா? ஷீல்டுக்குச் சொல்லியாச்சு, அதனால வேற பேரு கேக்காத.”

ஆதிகேசவனுக்குக் காது இரண்டும் சந்தன நிறத்துக்கு வந்தன. மைக் ஒன்று எங்கோ ‘ஹலோ, செக்’ என்று சொல்வது கேட்டது.

“ரிப்பன் சாதாரண ரிப்பன் இல்லப்பா” என்றார் சபாபதி, ஆதிகேசவனின் சட்டைக் காலரைத் தடவி, பாலியெஸ்டர் என்று தெரிந்துகொண்டு, கையை எடுத்துக்கொண்டு. “பட்டுக்கடைக்கு நைலான் ரிப்பன் கட்டுனா ஊரே சிரிக்கும்னு என்னண்ட நெய்யச் சொல்லிட்டாரு. சுத்தப் பட்டு. மயில்கழுத்து உடம்பு, அரக்குக் கரை, ரெண்டு பக்கமும் ஜரிகை. கடைக் கத்தரிக்கெல்லாம் பெப்பே காட்டும்.”

“சார், நான் போடற பதத்துல ரிப்பன் இல்ல, ரிப்பனோட நெழல்கூட ரெண்டாகும்” என்றார் ஆதிகேசவன்.

அவர் சொன்னதைச் செய்யவும் செய்தார். அதுதான் இந்தக் கதையில் உள்ள வருத்தம். பழைய அரங்கள் இரண்டை எடுத்துச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு இளக்கினார். இளகியதை வெட்டி, ராவி, அன்னப்பறவையின் கழுத்துபோல் இரண்டு அலகுகள் செய்தார். பிறகு கரி உலையில் வைத்தார். காந்தத்தைக் கிட்டே காட்டி, எஃகு அதில் ஒட்டாமல், அடையாளம் தெரியாததுபோல் விட்டுவிடுகிற அந்த நொடி வரை காத்திருந்து, எண்ணெயில் முக்கினார். தெரு முழுக்கப் பஜ்ஜி மணத்தது. தேய்த்து, மணலில் கிடத்தி, மாம்பழ மஞ்சள் கூர் விளிம்பைத் தொட்டதும் சட்டென்று எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படியொரு பதம் அவருக்கே விழுந்ததில்லை.

சபாபதி ரிப்பனில் மிச்சமான ஒரு முழத்தைக் கொண்டுவந்தார். ஆதிகேசவன் அதை எட்டாக மடித்து வெட்டினார். வெட்டியதே தெரியவில்லை. துண்டு கீழே விழுந்த பிறகுதான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“கத்தரி சத்தமே போடலியேப்பா” என்றார் சபாபதி. துண்டை எடுத்து ஓரத்தை விரலால் தடவினார். ஒரு நூல் பிரியவில்லை. “என் தறிக்குக்கூட இவ்ளோ மரியாதை தெரியாது.”

அந்த ஒரு வார்த்தையோடு ஆதிகேசவன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் சபாபதியின் கையில் மைக் இல்லை.

சாயங்காலம் வரதராஜன் வந்தார். கத்தரியைக் கையில் வாங்கினார், திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னா ஆதி, சலூன் கத்தரியாட்டம் இருக்குது?”

“வெட்டிப் பாருங்க சார்.”

“வெட்றத யார் பாக்கப் போறா? போட்டோவுல கத்தரிதான் தெரியும். பளிச்சுனு ஒண்ணு வேணாவா?” அவர் கண் பட்டறையில் சுற்றி, மேசையில் கிடந்த ஒரு ஸ்பிரிங் பட்டையில் நின்றது. “இது இன்னா கலர்?”

“மயில்கழுத்து. அது ஸ்பிரிங்குக்குப் போடற பதம் சார்.”

“அப்பாடி! ரிப்பன் கலரேதான். இதக் கத்தரியில ஏத்திடு.”

“அந்தக் கலர் ஏத்துனா கத்தரி எளகிடும். வெட்டாது.”

“ஒரே ஒரு வெட்டுதான்யா. அது இன்னா தெனமும் தையக்கடைக்கா போகப்போவுது?” வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். நல்ல வியாபாரி, எந்தப் புடவையை எப்போது விரிக்க வேண்டும் என்று தெரியும். “ஆதி, யோசிச்சிப் பாரு. மேடையில உன் பேரச் சொல்றாங்க. ஜனங்க இன்னா கேப்பாங்க? ‘இந்தாளு இன்னா செஞ்சாரு?’ம்பாங்க. நீ செஞ்சது கண்ணுக்குத் தெரியணுமா, வேணாவா?”

இருபத்திரண்டு வருஷமாக ஆதிகேசவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அந்த மனிதர் காரிலிருந்து இறங்கிக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை சுடுமணல் தட்டின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷ வேலை. மாம்பழத்தைத் தாண்டி, வாடாமல்லியைத் தாண்டி, மயில்கழுத்தில் எடுத்துவிட வேண்டியது. கொஞ்சம் இளகும்தான். ஒரு வெட்டுக்குத் தாங்கும்.

நிறம் முதுகுப்பக்கத்திலிருந்து கிளம்பியது. சாயத்தொட்டியில் நனைந்த நூலில் ஈரம் ஏறுவதுபோல் மெதுவாக, யாரும் அவசரப்படுத்தாமல், அது கூர்முனையை நோக்கி வந்தது. மணலிலிருந்து எழுந்த வெக்கையில் சுவர் அலைந்தது, காலண்டர் அலைந்தது, காலண்டரிலிருந்த முருகன் ஒரு கால் மாற்றி நின்றுகொண்டார். ஆதிகேசவன் ஒரு நீளமான மேடையில் நடந்துகொண்டிருந்தார். மேடைக்கு மறுகரை இல்லை. இரு பக்கமும் மயில்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தன் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவருக்கு வழி விட்டன. மைக்கில் ஒரு குரல், எந்த அவசரமும் இல்லாமல், அவருடைய பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து நூற்றுக்கொண்டிருந்தது. பாலாற்றில் இரு கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. அது கனவுதான் என்பதற்கு அந்தத் தண்ணீர் ஒன்றே போதுமான சாட்சி. ஆனால் சாட்சியை யார் விசாரிக்கிறார்கள்? அவர் தண்ணீருக்குள் கையை விட்டார். தண்ணீர் பட்டாக இருந்தது.

“இன்னாங்க, பொகையுது” என்றாள் பொன்னி.

கத்தரி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

இளகிய எஃகை மறுபடி பழுக்கக் காய்ச்சி, மறுபடி எண்ணெயில் முக்கி, முதலிலிருந்து வர வேண்டும். எஃகின் மனசை அறிந்த மூன்று பேருக்கும் அது தெரியும். ஆனால் விழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான். பேனர் அடிப்பவர் மத்தியானம் படம் எடுக்க வருகிறார். முதலில் நிறம் வரட்டும், பதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆதிகேசவன் முடிவுசெய்தார். சாம்பலைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மணலில் வைத்தார்.

நிறத்துக்கு எஃகு கெட்டியா இளகலா என்று கவலையில்லை. சூடு பட்டால் அது பாட்டுக்கு வரும். இரண்டாம் தடவை ஓர் அலகு மயில்கழுத்தாகவும் இன்னொன்று கத்தரிப்பூவாகவும் வந்தன. பட்டுக்கடைக்காரர் கண்ணில் அது ஜாக்கெட் பொருந்தாத புடவை. தேய்த்தார். மூன்றாம் தடவை நுனியில் ஆனந்தா நீலம் தட்டிவிட்டது. நாலாம் தடவை மயில்கள் மறுபடி வந்தன; மறுபடி சாம்பல். ஏழாம் தடவை, இரண்டு அலகிலும், அடியிலிருந்து நுனி வரை, பார்க்கிற கோணத்துக்குத் தகுந்தபடி நீலமும் பச்சையும் ஊதாவும் மாறி மாறி வழிகிற ஒரு மயில்கழுத்து வந்து நின்றது. அப்படியொரு நிறத்தைக் காஞ்சிபுரத்தில் எந்தச் சாயக்காரரும் கொண்டுவந்ததில்லை.

பேனர்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு ஆதிகேசவன் கத்தரியின் உள்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். கெட்டியான எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே அது கேரட் சீவுவதுபோல் சீவியது.

கத்தரியை மறுபடி உலையில் வைக்கலாம். வைத்தால் பதம் வரும், அந்த நிறம் போகும். கடைத்தெரு முனையில் அதற்குள் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் பேனர் எழும்பிவிட்டது. இடது பக்கம் கைகூப்பிய இளவரசன், வலது பக்கம் கைகூப்பிய வரதராஜன், நடுவில் இருவரையும்விடப் பெரிதாக மயில்கழுத்துக் கத்தரி. அடியில், செருப்புக் கடை விளம்பரத்துக்கு மேலே, ‘எஃகுச் செம்மல் செவிலிமேடு ஆதிகேசவன்’. ஆதிகேசவன் சைக்கிளில் அந்தப் பக்கமாக நாலு முறை போய்வந்தார். நாலாவது முறை திரும்பியபோது, ஒரு வெட்டுதானே என்று வரதராஜனின் குரலிலேயே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, வளர்பிறை முகூர்த்தம். நாதஸ்வரம், டிரோன் கேமரா, வெட்டிவேர் மணக்கும் தண்ணீர். மூன்றாவது மாடிக்குப் போகும் படிக்கட்டை மறித்து சபாபதியின் ரிப்பன் கட்டியிருந்தது. கத்தரி வெள்ளித் தட்டில், சிவப்பு வெல்வெட்டின் மேல், ஒரு மயில் தூங்குவதுபோல் கிடந்தது. பார்த்தவர்கள் ‘அய்யோ’ என்றார்கள். வரதராஜனின் மைத்துனர் மகள் சந்தியா செல்போனை நீட்டிக்கொண்டு வந்து, “அங்கிள், ஒரே ஒரு கட், ஸ்டேட்டஸ் வெச்சிக்கிறேன்” என்றாள்.

“தொடாதம்மா!” ஆதிகேசவன் தட்டைக் கைகளால் மறைத்தார். “மொதல் வெட்டு தலைவர் கையாலதான் விழணும். சாஸ்திரம்.”

கோயில் ஊரில் சாஸ்திரம் என்று சொல்லிவிட்டால் எந்த சாஸ்திரம் என்று யாரும் கேட்பதில்லை. பொன்னி மட்டும் கேட்டாள்.

“எந்த சாஸ்திரம்?”

“இரும்பு சாஸ்திரம்.”

“வெட்டுமா, வெட்டாதா?”

ஆதிகேசவன் கத்தரியைப் பார்த்தார். அதன் மேல் சீரியல் விளக்குகள் ஊதாவாக ஓடின.

“வெட்டும்னு சொல்ற மூஞ்சி இது இல்லியே” என்றாள் பொன்னி. தோளில் தொங்கிய கைப்பையைச் சரிசெய்துகொண்டு பெண்கள் பக்கம் போய் நின்றாள்.

இளவரசன் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய வேட்டியின் கஞ்சிச் சத்தம் வந்தது. ஆதிகேசவனைக் கட்டித் தழுவி, “மச்சான், உன்ன நம்பித்தான்” என்றார் காதில். மைக்கில் ஏறி, வீரம் என்றால் என்ன, விவேகம் என்றால் என்ன, எஃகு என்றால் என்ன என்று இருபத்தைந்து நிமிஷம் விளக்கினார். எஃகின் உறுதியைத் தன்னோடு ஒப்பிட்டார். பிறகு எஃகைவிடத் தானே கொஞ்சம் மேல் என்பதைக் குறிப்பால் உணர்த்தினார். ஆதிகேசவனுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. மேடையில் அவருக்குப் போட்ட நாற்காலியில், முதுகை ஒட்டாமல், நுனியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு வெள்ளைத் துணி போட்டுப் பின்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்தத் துணிக்குள் தான் மெதுவாக ஆறிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

தட்டு வந்தது. இளவரசன் கத்தரியை எடுத்து எல்லாக் கேமராவுக்கும் காட்டினார். ‘ஆ’ என்று ஒரு மூச்சு கூட்டத்தில் எழுந்து அடங்கியது. ரிப்பனை அலகுகளுக்கு நடுவில் விட்டு அழுத்தினார்.

கத்தரி ரிப்பனை வெட்டவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொள்வதுபோல் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டது.

இளவரசன் சிரித்தார். மறுபடி அழுத்தினார். ரிப்பன் இன்னொரு மடிப்பு மடிந்தது. மூன்றாவது அழுத்தலில் மேல் அலகு, விருந்தாளியை வழியனுப்புகிற கைபோல், பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்தது. நாதஸ்வரக்காரர் வெட்டு விழுந்ததும் எடுக்க வேண்டிய மங்கள வாத்தியத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்; கன்னம் உப்பியபடியே இருந்தது. செல்போன்கள் ஒன்று, பத்து, எழுபது என்று உயர்ந்தன.

“இன்னா மச்சான் இது?” இளவரசனின் உதடு அசையவில்லை, சிரிப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “மறுபடியுமா?”

எல்லாம் மெதுவாகிவிட்டது. டிரோன் தேனீபோல் அசையாமல் நின்றது. ரிப்பனின் ஜரிகை ஒரு பக்கம் மினுங்கி, யோசித்து, மறுபக்கம் மினுங்கியது. ஆதிகேசவன் எழுந்து நின்றார். எதிரே சபாபதி கூட்டத்தின் முதல் வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாம்பழத்தில் எடுத்த கத்தரி என்ன செய்யும் என்று அறிந்த ஒரே மனிதர். தப்பு என்னுது, நிறத்துக்கு ஆசப்பட்டுப் பதத்தக் கெடுத்துட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்வதற்கு மைக்கும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த மைக். அவர் கையை நீட்டினார்.

யாரோ அவருடைய வேட்டியை இழுத்தார்கள். மேடைக்குக் கீழே பொன்னி. கைப்பையிலிருந்து பேப்பரில் சுற்றிய எதையோ எடுத்து, கைப்பிடி மறையும்படி தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, பேப்பரை உருவிவிட்டு நீட்டினாள். பூவுக்குள்ளிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆதிகேசவனுக்கு அடையாளம் தெரிந்தது. குக்கர் வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த கத்தரி.

“வாங்குங்க” என்றாள் பல்லுக்குள். “வாயத் தொறந்து உண்மைய கிண்மைய சொல்லித் தொலைச்சிடாதீங்க.”

அவர் வாங்கினார். மைக் ஏற்கெனவே அவர் வாய்க்கு நேராக வந்துவிட்டிருந்தது. எழுபது செல்போன்களும் அவர் பக்கம் திரும்பின. உள்ளேயிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியாது.

“பெரியவங்க மன்னிக்கணும்” என்றார். “இப்ப தலைவர் கையில இருக்கறது உற்சவர். தரிசனத்துக்கு. வெட்றது மூலவர்தான்.”

கூட்டத்தில் ஒரு முதியவர் “அதானே!” என்றார். அந்த ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஊர்வலம் போக ஒருவர், இருந்த இடத்தில் வேலையைப் பார்க்க ஒருவர் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வரதராஜன், தானே திட்டமிட்டு வைத்திருந்தவர்போல், தலையை மேலும் கீழும் ஆட்டினார். இளவரசன் உற்சவரைப் பவ்வியமாகத் தட்டில் எழுந்தருளச்செய்து, பூச்சுற்றிய மூலவரை வாங்கினார்.

‘கறுக்’ என்று ஒரே வெட்டு. ரிப்பன் இரண்டாகி விழுந்தது. நாதஸ்வரக்காரர் இவ்வளவு நேரமும் பிடித்திருந்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஆதிகேசவன் சுடுமணலின் முன்னால் கண்டபடியே நடந்தன. மைக்கில் அவருடைய பெயரைச் சொன்னார்கள், இரண்டு தடவை. எஃகுச் செம்மல் என்றார்கள். பொன்னாடை வந்து தோளில் இறங்கியது. இளவரசன் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “எங்க முசரவாக்கத்து மண்ணு!” என்றார். கீழே சபாபதி குனிந்து ரிப்பனின் வெட்டு வாயை எடுத்துப் பார்த்தார். ஓரம் முழுக்க நூல் பிரிந்து தொங்கியது. அவர் ஆதிகேசவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ரிப்பனைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டார். ஆதிகேசவன் அந்தப் பக்கம் பார்க்காமல், தோளிலிருந்த பொன்னாடையின் நுனியைத் தடவினார். அதுவும் பாலியெஸ்டர்.

“வீட்டுக்கு எடுத்துக்கினு போயிர்றேன் சார்” என்று அவர் மூலவருக்காகக் கையை நீட்டியபோது வரதராஜன் விடவில்லை. “இனிமே அது உன் சொத்தா? ஊர் சொத்து” என்றார். தன் கையாலேயே இரண்டு கத்தரிகளையும் மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய், கல்யாணப் புடவைப் பிரிவின் வாசலில், விளக்குப் பொருத்திய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். உற்சவர் முன்னால், சாய்ந்தபடி. மூலவர் பின்னால், பூவோடு. ‘எஃகுச் செம்மல் ஆதிகேசவன் அவர்கள் தம் திருக்கரங்களால் பதம் இட்டவை’ என்று பித்தளைத் தகட்டில் எழுதி ஒட்டினார்கள். புடவை எடுக்க வருகிற கல்யாண வீட்டார் முதலில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூலவர், விழாவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பொன்னி சங்கரா மீனுக்குத் துடுப்பு வெட்டிய கத்தரி. அதைக் கழுவ அவளுக்கு நேரம் இருக்கவில்லை. திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.